பற்றாசு

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர், ஆசிடை நேரிசை வெண்பா என்னும் பெயரைக் கேட்டிருத்தல் கூடும். இரண்டு குறள் வெண்பாக்களை ஒரு தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்குங்கால், முதற்குறளின் இறுதிச் சீர் தனிச்சொல்லோடு பொருந்தாது இடைவெளிபட்டு நிற்பதுண்டு. அவ்விடைவெளியை நிரப்புதற்குப் புலவர் ஓரசையோ ஈரசையோ கூட்டுவர். அங்ஙனம் கூட்டிய அசைக்கு ஆசு என்பது பெயர். எதுகையிலும், ய், ர், ல், ழ் என்னும் நான்கு மெய்களுள் ஒன்று இடையே வந்து நிற்பின், அதனை ஆசிடை எதுகை என்பர். ஆசு என்னும் இச்சொல்லைப் புலவர் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து இரவல் பெற்றனர். இரண்டு பொற்றுண்டுகளை இணைக்கப் பொற்கொல்லர் இடையில் வைத்து உருக்கும் சிறு பொடிக்குப் பற்றாசு என்று பெயர். உரைகாரர்களும் அத்தொழிலையே உவமையாகக் காட்டி இவ்விலக்கணத்தை விளக்கினர்.

ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. குற்றத்தைக் களைபவர் ஆசிரியர் எனச் சொற்பொருள் கூறுவாரும் உளர். ஒரே சொல் குற்றத்தையும், குறையை நிரப்பும் பொருளையும் குறித்தல் எண்ணத்தக்கது. பட்டறையில் நின்று பார்த்தவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. அளவு கடந்து இட்ட பற்றாசு நகையின்மேல் தழும்பாகத் துருத்தி நிற்கும்.

தமிழாசிரியனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சொல்லை இரவல் பெற்றவர்க்கு, அச்சொல் பிறந்த தொழிலை அறிந்துகொள்ளும் கடனும் உண்டு என்பதே என் விடை. உலோகத்தைச் சூடாக்கி இணைக்கும் இத்தொழிலைக் கல்லாதார் செய்யும் கைவேலை என ஒதுக்கும் மனப்பான்மை இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. அது பெருந்தவறு என்பதும், மாணவரும் மாணவியரும் இதன் அடிப்படையைப் பள்ளியிலேயே கைப்படக் கற்றல் வேண்டும் என்பதும் என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவேன்.

பொற்கொல்லர் வளையல் ஒன்றின் இரு முனைகளை இணைப்பதைக் கூர்ந்து நோக்குக. முதலில் அவர் இரு முனைகளையும் அரத்தால் தேய்த்து, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தச் செய்வார். பின்னர் வெங்காரத்தை நீரில் குழைத்து அவ்விடத்தில் தடவுவார். அதன்மேல் பற்றாசுப் பொடியை இடுவார். அதனை நெருப்பில் வைத்து, ஊதுகுழலால் சுடரை அவ்விடத்தின்மேல் செலுத்துவார். வளையல் மெல்லச் செந்நிறம் கொள்ளும். திடீரெனப் பொடி உருகி, நீர்போல் இடுக்கினுள் ஓடி மறையும். அந்தக் கணத்திலேயே ஊதுதலை நிறுத்தல் வேண்டும். சிறிது தாமதிப்பின் வளையலே உருகிவிடும். தூய பொன் 1064 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்து செய்த பற்றாசு, நகையினும் குறைந்த வெப்பத்தில் உருகுமாறு அமைக்கப்படும். இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியிலேதான் அவர் தொழில் நடைபெறுகின்றது. அவர் கையில் வெப்பமானி இல்லை. உலோகத்தின் நிறமே அவருக்கு அளவுகோல். பொடி வைத்து ஊதுதல் என்னும் வழக்குத் தொடரும் இத்தொழிலினின்று வந்ததாகவே கொள்வர். பேச்சினுள் வேறொரு கருத்தை ஒளித்து வைப்பாரை அவ்வாறு கூறுகின்றோம். உள்ளே புகுந்து மறைவது பொடியின் இயல்பு ஆதலின், உவமை பொருத்தமானதே.

வெங்காரம் எதற்கு என்று கேட்கலாம். உலோகத்தைச் சூடாக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனோடு கூடி மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்கும். இரும்பில் துருவும், செம்பில் களிம்பும் காற்றும் ஈரமும் படப்பட மெல்லத் தோன்றுவன. நெருப்பிலோ அப்படலம் நொடிப்பொழுதில் படரும். படலத்தின்மேல் பற்றாசு ஒட்டாது. வெங்காரம் உருகி அப்படலத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்வதோடு, காற்றுப் புகாமல் மூடியும் நிற்கும். இத்தகைய பொருளை இளக்கி என்பர். செம்பின் களிம்பை உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமையாகச் சைவ நூலார் பலகாலும் எடுத்தாண்டனர். அவர்களும் உலோகத் தொழிலைக் கண்ணாற் கண்டவர்களாகவே இருத்தல் வேண்டும்.

இனி, வானொலிப் பெட்டி முதலிய மின்கருவிகளைப் பழுதுபார்ப்பவர் கையிலுள்ள சூட்டுக்கோலைக் காண்போம். கடைகளில் சால்டரிங் அயர்ன் என்று கேட்டால் தருவர். கோலினுள் ஒரு மின்கம்பிச் சுருள் சூடேறும். அச்சூடு முனையிலுள்ள செம்புத் துண்டுக்குச் செல்லும். செம்பு வெப்பத்தை விரைந்து கடத்தும் ஆதலின் அதனைத் தேர்ந்தனர். ஆயின் உருகிய வெள்ளீயம் செம்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். அதனால் இக்காலத்து முனைகளின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இடப்படுகின்றது. பழைய செம்பு முனையை அரத்தால் தேய்த்துக் கூராக்கிய பழக்கத்தில், புதிய முனையையும் தேய்த்துப் பாழாக்குவோர் பலர். பூச்சுப் போனபின் அம்முனை நெடுநாள் உழைக்காது. ஈரப்பஞ்சில் துடைத்தலே அதற்குப் போதும்.

மின்கருவிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால், அக்கலவை 183 பாகையிலேயே உருகிவிடுகின்றது. தனித்தனியே நின்றபோது தாங்கிய வெப்பத்தை இரண்டும் கூடியபோது தாங்கவில்லை. இயற்கையின் விந்தைகளுள் இஃதொன்று. காரீயம் நஞ்சு ஆதலின், 2006-ஆம் ஆண்டு சூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் அதனை விலக்கியது. அதன்பின் வெள்ளீயத்தோடு சிறிதளவு வெள்ளியும் செம்பும் சேர்ந்த பற்றாசு பரவிற்று. அது உருகுதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும்.

கற்றுக்குட்டிகள் செய்யும் பிழை ஒன்றுண்டு. சூட்டுக்கோலின் முனையில் பற்றாசை உருக்கி எடுத்து, குளிர்ந்த கம்பியின்மேல் சொட்டச் செய்வர். அச்சொட்டு தாமரை இலைமேல் நீர்போல் உருண்டு நிற்கும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தோன்றும்; சில நாட்களில் விட்டுப்போகும். சூடாக வேண்டியது இணைக்கப்படும் கம்பியே. கம்பி போதிய சூடு பெற்றபின் பற்றாசை அதன்மேல் தொடுவித்தால், அது தானே உருகிப் பரவி, ஓரம் மெலிந்து, கம்பியோடு ஒன்றி நிற்கும். அவ்வாறு பரவும்போது வெள்ளீயமும் செம்பும் எல்லையில் கூடி மிக மெல்லிய புதுப்பொருள் ஒன்றை உண்டாக்குகின்றன. இணைப்பின் உறுதி அந்தப் படலத்தில் உள்ளது. மேலே குவிந்த திரளையில் இல்லை. பெரிய திரளையைக் கண்டு நல்ல வேலை என்று மெச்சுவோர், வேலை எங்கே நடந்தது என்பதை அறியாதவர். தூய்மை, வெப்பம், காலம் ஆகிய மூன்றையும் கண்ணால் எடைபோடும் இச்செயலை அறிவுத்தொழில் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அறியாமை இத்தொழிலில் சொல் வடிவிலும் வரும். நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்னும் ஒரு சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கின்றோம். வெள்ளீயம் உணவுக்கலங்களுக்கு ஏற்றது. காரீயம் உடலில் தங்கி மூளையையும் நரம்பையும் கெடுப்பது. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும் என்று, தெருவில் வரும் ஈயம் பூசுவோரிடம் கொடுத்துப் பூசுவது பழைய வழக்கம். அவர் பாத்திரத்தைச் சுட்டு, நவச்சாரப் பொடி தூவி, வெண்புகை எழ வெள்ளீயத்தைத் தேய்த்துத் துணியால் பரப்புவார். இங்கே நவச்சாரம் இளக்கி. விலை குறைவு கருதிக் காரீயத்தைக் கலந்து பூசினால், பூச்சு மின்னும், புளிக்குழம்பு நஞ்சாகும். முன்னோர் இரண்டுக்கும் வெள்ளென்றும் காரென்றும் அடைகொடுத்துப் பெயரிட்டது வீணுக்கன்று. அவ்வடையை நாவின் சோம்பலால் நாம் விட்டுவிட்டோம். இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆயதே. அடுப்பின்மேல் அது உருகாமைக்குக் காரணம் உள்ளிருக்கும் நீர். நீர் 100 பாகையில் கொதித்து வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கும்வரை சொம்பு 232 பாகையை எட்டாது. வெறுஞ்சொம்பை அடுப்பிலேற்றினால் உருகி வழிந்துவிடும். இதனைப் பாட்டிமார் அறிவர். வேதியியலில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பேரர் சிலர் அறியார்.

இதுகாறும் கூறியது, இணையும் பொருள்கள் உருகாமல் நிற்க, இடைப்பொருள் மட்டும் உருகும் முறை. பொருள்களே உருகியோ, இளகியோ ஒன்றாகும் முறை மற்றொன்று. மக்கள் அதனை வெல்டிங் என்கின்றனர். அதன் பழைய வடிவம் கொல்லன் உலையில் உள்ளது. இரும்பு 1538 பாகையில் உருகும். அதற்குச் சற்றுக் கீழே, வெண்மை ஒளிரக் காய்ச்சிய இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்தால் ஒன்றாகிவிடும். தில்லியிலுள்ள இரும்புத் தூண் அவ்வாறு செய்யப்பட்டது. தஞ்சைப் பீரங்கிமேட்டில் நாயக்கர் காலத்துப் பெரும் பீரங்கி ஒன்று உளது. அதனைக் காண்போர் வார்ப்பிரும்பு என்றே எண்ணுவர். நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைக் காய்ச்சிப் பொருத்தி அடித்து இணைத்த 17-ஆம் நூற்றாண்டுப் படைப்பு அது. எடை 20 டன்னுக்கு மேற்பட்டது. தஞ்சை செல்லும் மாணவர் பெரிய கோயிலைக் கண்டபின் அதனையும் கண்டு வருக.

மின்சாரம் வந்தபின் இத்தொழில் உலையை விட்டு வெளியேறியது. உருசியப் பேரரசில் வாழ்ந்த பெனார்டோஸ் என்பார், ஓல்செவ்ஸ்கி என்பாரோடு சேர்ந்து 1885-இல் கரிக்கோலால் மின்வில் உண்டாக்கி இரும்பை உருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் சிலாவ்யானவ் என்னும் உருசியர் கரிக்கோலுக்கு மாறாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். கோலும் உருகி இடைவெளியை நிரப்பிற்று. ஆயினும் உருகிய இரும்பைக் காற்றுக் கெடுத்தது. சுவீடன் நாட்டு ஆஸ்கர் செல்பெர்க் பின்னர்க் கோலின்மேல் ஒரு பூச்சு இட்டார். பூச்சு எரிந்து வளியாகவும் கசடாகவும் மூடி நின்று இரும்பைக் காத்தது. பொற்கொல்லரின் வெங்காரம் செய்த காவலையே அப்பூச்சும் செய்தது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். இருப்புப்பாதைத் தண்டவாளங்களை இணைக்க மின்சாரம் இன்றியே வேறொரு முறையும் உண்டு. அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து பற்றவைத்தால், பெருவெப்பம் எழுந்து உருகிய இரும்பு ஒழுகும். செருமானியராகிய கோல்ட்ஷ்மிட் 1895-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய இரயிற் பயணங்களில் நாம் கேட்ட தடக்குத் தடக்கு என்னும் ஓசை இன்று குறைந்ததற்குத் தண்டவாளங்களை நெடுந்தொலைவு இவ்வாறெல்லாம் இணைத்தமையே காரணம்.

இவ்வளவு வலிய இணைப்பிலும் சிறு பிழை என்ன செய்யும்? 1980 மார்ச்சு 27 அன்று, நார்வே நாட்டை அடுத்த வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலண்டு என்னும் மிதக்கும் மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேருள் 123 பேர் மாண்டனர். ஐந்து பெருங்கால்கள்மேல் நின்ற மேடை அது. அக்கால்களைப் பிணைத்த குழாய்களுள் ஒன்றில், கடலொலியைக் கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்துதற்காகச் சிறு தாங்கியொன்றை ஒட்டியிருந்தனர். அதன் பற்றுத் தடிப்பு 6 மில்லிமீட்டர். மேடையின் பளுவைத் தாங்கும் உறுப்பு அன்று என்று கருதிப் போலும், அப்பற்றில் கவனம் குன்றியது. அங்கே விரிசல் தோன்றிற்று. பின்னர் ஆராய்ந்தவர் அவ்விரிசலினுள் வண்ணப்பூச்சின் சுவட்டைக் கண்டனர். மேடை கடலுக்குச் செல்லுமுன், பூச்சுப் பூசிய நாளிலேயே விரிசல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அலைகள் மாறி மாறி மோத, விரிசல் குழாயைச் சுற்றி வளர்ந்தது. அக்குழாய் அறுந்ததும் மற்றவை அடுத்தடுத்து முறிந்தன; கால் ஒன்று கழன்றது. விரிசலின்மேல் வண்ணம் பூசியவர் அதனை உற்று நோக்கியிருப்பின்! ஆனால் நோக்கக் கற்பித்தால் அன்றோ நோக்குவர்?

நம் நாட்டில் இவ்வுண்மையை உணர்ந்து செயற்படும் இடங்கள் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அனல்மின் நிலையக் கொதிகலன் ஒன்றில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று கசிந்தாலும் கலனை நிறுத்த நேரும். ஆதலின் அங்குப் பணியாற்றுவோர் மாதிரித் துண்டுகளை இணைத்துக் காட்டித் தேர்வு பெறுகின்றனர். அத்துண்டுகளை வளைத்தும், ஊடுகதிரால் படம் பிடித்தும் சோதிக்கின்றனர். ஏட்டில் எழுதும் தேர்வில் நூற்றுக்கு 35 பெற்றால் தேறலாம். கொதிகலனில் நூறு இணைப்புக்கு 35 நன்றாயிருந்தால் போதும் என்பார் உளரோ?

இத்தொழிலில் ஈடுபட்டோர் தம் உடலால் செலுத்தும் விலையையும் கூறவேண்டும். நகைக்கடைகளில் கே.டி.எம். என்று வழங்கிய நகைகள், காட்மியம் கலந்த பற்றாசால் இணைக்கப்பட்டவை. காட்மியம் 767 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். அது நீங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் பொன் ஆதலின் நகையின் மாற்றுக் குறைவதில்லை. வாங்குவோர்க்கு இது நன்மை. அவ்வாவியோ, ஊதுகுழலைப் பிடித்துக் குனிந்திருப்பவர் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கின்றது. பிறர் கழுத்தில் மாற்றுக் குறையாமல் மின்னுதற்கு ஒருவர் தம் மூச்சைத் தருதல் எவ்வறத்தின்பாற்படும்? காட்மியத்தை விலக்கிய பற்றாசால் ஆக்கிய நகையையே கேட்டு வாங்குதல் நம் கடமை.

தெருவோர வெல்டிங் பட்டறைகளைப் பாருங்கள். உங்கள் வயதினும் சிறிது மூத்த இளைஞர், கருங்கண்ணாடி பதித்த முகமூடியை ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறி பறக்க வேலை செய்வர். சிலர் வெயிற்கண்ணாடியை அணிந்து அதுவே போதும் என்பர். மின்வில்லில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியோடு புறஊதாக் கதிரும் கலந்துள்ளது. அது விழியின் மேற்படலத்தைச் சுட்டுவிடும். அப்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வடியும், விளக்கைக் காண இயலாது. இதற்கு 10 அல்லது 11 என்னும் எண்ணுடைய கருங்கண்ணாடி வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைக் காற்றோட்டமில்லாத இடத்தில் இணைத்தால், அப்புகையால் அன்று மாலையே குளிர்காய்ச்சல் காணும். இவற்றை அஞ்சாமை வீரம் என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. அதனை நான் சிறிதும் ஒப்பேன். முகமூடி அணியாத தொழிலாளியினும், அதனை வாங்கித் தராத உரிமையாளரே பழிக்கத்தக்கவர். அதனையும் வேடிக்கையாக நின்று பார்க்கும் சிறுவர்க்கு முகமூடியும் இல்லை, உரிமையாளரும் இல்லை.

இயந்திரங்களே இவ்வேலையைச் செய்யும் காலத்தில் மாணவர் இதனை ஏன் கற்கவேண்டும் என்பார் உளர். சென்னையை அடுத்த மோட்டார்த் தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் வண்டிகளை இணைத்துத் தள்ளுகின்றன என்பது மெய்யே. அக்கைகளுக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு விரைவு என்று விதிப்பவர் மனிதர். இணைப்பு நன்றோ தீதோ எனத் தீர்ப்பவரும் மனிதர். மேலும், கைப்பிடி கழன்ற பாத்திரத்தையும் கம்பி விட்ட கருவியையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் பெருகி வருகின்றது. ஒரு சொட்டுப் பற்றாசால் இன்னும் பத்தாண்டு உழைக்கக்கூடிய பொருள்கள் குப்பையில் கிடக்கின்றன. இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. இத்தொழில்களின் நுட்பம் நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று குலங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. பிறப்பால் தொழில் என்னும் கட்டு நல்லோர் முயற்சியால் தளர்ந்துள்ளது. அக்கட்டைத் தளர்த்திவிட்டு, அறிவை எவர்க்கும் கற்பிக்காமல் விட்டுவிடுவோமாயின், முன்பு சிலரிடமேனும் இருந்தது பின்பு எவரிடமும் இராது.

பள்ளிக்கு இதனால் வரும் செலவு பெரிதன்று. 25 வாட்டுச் சூட்டுக்கோல் சில, செம்புக்கம்பி, உப்புத்தாள், காரீயம் கலவாத பற்றாசு, பைன் மரப்பிசினால் ஆகிய இளக்கி, ஈரப்பஞ்சு ஆகியவை போதும். சன்னல்கள் திறந்த அறிவியற்கூடத்தில், ஆசிரியர் அருகிருக்க, இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்க்கச் செய்க. முதல் நாளில் பெரும்பாலான இணைப்புகள் உருண்டையாகவே நிற்கும். அவற்றைப் பிய்த்துப் பார்த்து, எங்கே அழுக்கு இருந்தது, எங்கே வெப்பம் எட்டவில்லை என்று மாணவரே தம் குறிப்பேட்டில் எழுதுக. ஒரே கம்பியை உப்புத்தாளால் தேய்த்து ஒருமுறையும், தேய்க்காமல் ஒருமுறையும் இணைத்து ஒப்பிடுக. வேலை முடிந்தபின் கோலை அதற்குரிய தாங்கியில் வைத்து மின்னிணைப்பை நீக்குக. சோப்பிட்டுக் கைகழுவாமல் எவரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறத்தல் ஆகாது.